ஒரே ஒரு தொட்டிதானே?

"அக்கா, ஒரே ஒரு செடிதான். ரூமுக்குள்ளேயே வச்சிருக்கலாம்னு பார்க்கிறேன். யாருக்கும் விக்கப் போறதில்ல. அதுக்கும் உள்ள போடுவாங்களா?"

அன்றைய இரவு நிகழ்ச்சியின் தலைப்பு வீட்டுத் தோட்டம். மாடியில் கறிவேப்பிலை வளர்க்கும் ஷா ஆலாம் அம்மா, பால்கனியில் வெற்றிலைக்கொடி படரவிட்ட செந்தூல் தாத்தா, பூச்சி அரித்த மிளகாய்ச் செடிக்கு வைத்தியம் கேட்ட காப்பார் தம்பி என்று அழைப்புகள் மளமளவென்று வந்தன. நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகு நிலைய வாட்ஸ்அப்பில் கடைசியாகக் கிடந்தது இந்தக் குரல் பதிவு. பெயர் சொல்லவில்லை. இருபது, இருபத்திரண்டு வயதுக் குரல். கேட்டது கஞ்சாவைப் பற்றி.

நான் வானொலிக்காரி, வழக்கறிஞர் அல்ல. ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த வெள்ளந்தித்தனம் என்னைத் தூங்கவிடவில்லை. "விற்கவில்லை, கடத்தவில்லை, என் ரூமுக்குள் ஒரு தொட்டி, இதில் என்ன பெரிய குற்றம்?" என்று நினைக்கும் பிள்ளை அவன் ஒருவனாக இருக்க முடியாது. மறுவாரமே பிரிக்பீல்ட்ஸில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். துன் சம்பந்தன் சாலையில் தோசைக்கடை. கேள்வியைச் சொன்னதும் அவர் சாம்பாரில் விட்ட கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"பாக்கெட்டில் கொஞ்சம் வைத்திருந்து பிடிபடுகிறவனைவிட, தொட்டியில் ஒன்று வைத்திருக்கிறவன் நிலைமைதான் மோசம். இது நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது" என்றார்.

எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. அவர் சொன்னதை வைத்து 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தை எடுத்துப் படித்தேன். வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், ஏனென்றால் விஷயமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சிறிதளவு கஞ்சா கைவசம் இருந்தால் 6ஆவது பிரிவு. அதிகபட்சம் 5 ஆண்டு சிறை அல்லது 20,000 வெள்ளி அபராதம் அல்லது இரண்டும். எடை 20 கிராமைத் தொட்டால் 39ஏ பிரிவு: 2 முதல் 5 ஆண்டு சிறை, 3 முதல் 9 பிரம்படி. 50 கிராமைத் தொட்டால் 5 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகலாம், பிரம்படி பத்துக்குக் குறையாது. 200 கிராமைத் தொட்டால் நீங்கள் அதை விற்கத்தான் வைத்திருந்தீர்கள் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். "இல்லை" என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். அதுதான் 39பி, கடத்தல். தூக்குக் கயிறு வரை போகும் பிரிவு.

இதெல்லாம் எடைக் கணக்கு. செடி வளர்ப்பதற்கு வேறு பிரிவு இருக்கிறது: 6பி. அங்கே தராசே கிடையாது. எத்தனை செடி, எவ்வளவு உயரம், பூத்ததா இல்லையா என்ற படிநிலைகள் எதுவும் இல்லை. நட்டாலோ வளர்த்தாலோ ஆயுள் தண்டனை, அத்துடன் ஆறுக்குக் குறையாத பிரம்படி. மலேசியாவில் ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி 30 ஆண்டு. இருபத்திரண்டு வயதில் உள்ளே போகிற பிள்ளைக்கு அதைக் கூட்டிப் பாருங்கள்.

பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. தனக்குச் சொந்தமான அல்லது தான் குடியிருக்கும் இடத்தில் இன்னொருவர் அந்தச் செடியை வளர்க்க அனுமதித்தாலும் அதே குற்றம், அதே தண்டனை. தரையில்தான் நட வேண்டும் என்பதில்லை, தொட்டியும் சேர்த்திதான். "ரூம்மேட் வைக்கிறான், எனக்கென்ன" என்று கண்டும் காணாமல் இருக்கும் வீட்டுத் தோழருக்கும், மகன் அறையில் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தும் வாய் திறக்காத பெற்றோருக்கும் இந்த வரி பொருந்தக்கூடும். இதை இருமுறை படிக்கச் சொல்வேன்.

ஜாமீன்? 5 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய போதைப்பொருள் குற்றங்களுக்கு 41பி பிரிவின் கீழ் ஜாமீன் கிடையாது. செடி வளர்ப்பு அதில் அடங்கும். ஆக, குற்றம் சாட்டப்பட்ட நாளிலிருந்து வழக்கு முடியும்வரை உள்ளேதான். வேலை போகும், படிப்பு போகும், கார்க்கடன் மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

கனடாவில் நாலு, ஜெர்மனியில் மூன்று

இந்தப் பிள்ளைகளுக்கு ஆசை எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பதில் கைப்பேசியில் இருக்கிறது. கறுப்புத் துணிக் கூடாரம், உள்ளே எல்இடி விளக்கு, சின்னக் காற்றாடி, கரி வடிகட்டி. சிரித்த முகத்தோடு ஓர் இளைஞர் "முதல் முறை வளர்ப்பவர்களுக்கு" என்று வகுப்பெடுக்கிறார். பார்க்க மீன் தொட்டி அமைப்பது போல இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் அது சட்டப்படி சரி. கனடா 2018 அக்டோபர் 17 முதல் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வீட்டுக்கு 4 செடி வளர்க்க அனுமதிக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தவர் ஒருவர் 3 செடி வைத்துக்கொள்ளலாம். அந்தக் காணொளி கடல் கடந்து கிள்ளான் புக்கிட் திங்கியில் ஒரு படுக்கையறைக்கு வரும்போது, அந்த நாட்டுச் சட்டம் கூடவே வருவதில்லை.

கூடாரமும் விளக்கும் ஏன் என்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. கஞ்சாச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் வகை. கோடையில் நீண்ட பகலில் வளர்ந்து, இரவு நீளத் தொடங்கியதும் பூக்கும். நம் கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல், 12 மணி நேர இரவு. வெளியில் நட்டால் செடி உருப்படியாக வளரும் முன்பே பூக்கப் பார்க்கும். அதனால்தான் குளிர்நாட்டுக்காரர்கள் குளிருக்காகச் செய்ததை, இங்கே செயற்கைப் பகலுக்காகச் செய்கிறார்கள். போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற வேதிப்பொருள் பெண் செடியின் பூவில் ஊறும் பிசினில்தான் அதிகம்.

ஆனால் இந்தச் செயற்கைப் பகல் சும்மா வராது. 300 வாட் விளக்கு ஒன்று நாளுக்கு 18 மணி நேரம் எரிந்தால் 5.4 யூனிட், மாதத்துக்கு 162 யூனிட். காற்றாடியும் ஏசியும் இதில் சேரவில்லை. வாடகை அறையில் மின் கட்டணம் திடீரென்று ஏறினால் முதலில் கேள்வி கேட்பவர் வீட்டுக்காரர். வாசனை இன்னொன்று. பூக்கும் காலத்தில் எழும் அந்த நெடியை எந்த ஊதுபத்தியாலும் மறைக்க முடியாது. பழகியவருக்கு நடைபாதையிலேயே தெரிந்துவிடும். அடுக்குமாடியில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரகசியம் என்று நினைத்துத்தான் தொடங்குகிறார்கள். கூடாரத்தோடும் விளக்கோடும் தொட்டிகளோடும் போலீஸ் எடுத்த படங்கள் அவ்வப்போது பத்திரிகையில் வரத்தான் செய்கின்றன.

2022 மார்ச்சில் கோத்தா டாமன்சாராவில் நடந்த கைது பலருக்கு நினைவிருக்கும். நாடறிந்த நஷீத் பாடகர் ஒருவர். கடத்தல், கஞ்சாச் செடி வளர்ப்பு என்று இரண்டு குற்றச்சாட்டுகளும் அவர் மீது வந்தன. விசாரணை அவரது மனநலத்தைப் பரிசோதிப்பது வரை போனது. செடி வளர்ப்பு வழக்கில் கடத்தல் குற்றச்சாட்டும் எப்படிச் சேர்ந்துகொள்கிறது என்று கேட்டேன். "சில செடிகள் நன்றாக வந்தால் காய்ந்த பூ 200 கிராமைத் தாண்டுவது பெரிய விஷயமா?" என்று திருப்பிக் கேட்டார் அண்ணன். வளர்த்தவருக்கு அறுவடை. சட்டத்துக்கு அது 39பி.

ஹாட்யாய் போய் வந்தவர்கள்

தாய்லாந்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2022 ஜூன் 9ஆம் தேதி அந்த நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. வீட்டில் வளர்க்கலாம், அரசாங்கமே பத்து லட்சம் கன்றுகள் தரும் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் அனுதின் சார்ன்விராகுல் அறிவித்தார். புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் கடைவாசலில் பச்சை இலைப் படம். வாரக்கடைசியில் ஹாட்யாய் போய் வருவது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. போய்ப் பார்த்தவர்களுக்கு "அங்கே தாராளமாக விற்கிறார்கள், இங்கே மட்டும் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பு. பின்னர் தாய்லாந்தே பின்வாங்கியது தனிக்கதை. 2025 ஜூனில் கஞ்சாப் பூ வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும் என்று விதி வந்தது.

நம் பக்கம் சட்டம் அசையவில்லை. சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டால் 15ஆவது பிரிவு: 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. எங்கே புகைத்தாய் என்று சிறுநீர் சொல்லாது. அங்கிருந்து விதையையோ பூவையோ பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டுபவர் நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை.

தெற்கே ஜொகூர் பாலத்துக்கு அப்பால் நடந்ததை நம் வீடுகளில் பேசியிருக்கிறோம். 2023 ஏப்ரல் 26ஆம் தேதி சிங்கப்பூர் சாங்கி சிறையில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். வயது 46. வழக்கு 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது. அந்தப் பொட்டலத்தை அவர் கையால் தொட்டதாக வழக்கே சொல்லவில்லை. தொலைபேசி எண்களை வைத்து அவரைச் சம்பந்தப்படுத்தினார்கள். அவர் குடும்பத்தினர் கருணை கேட்டு மன்றாடியதை நம் பத்திரிகைகளும் எழுதின. ஒரு தமிழ்ப் பெயரை அந்தச் செய்தியில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒலிவாங்கி முன் அதை வாசிக்கும்போது குரல் கம்மாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தேனி, கம்பம் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அங்கே சாமியார் எல்லாம் சும்மா இழுக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனாலும் நம் 30 ஆண்டோடு ஒப்பிட்டால் அது குறைவுதான் என்பதையும் கவனியுங்கள். 'கஞ்சா' என்ற சொல்லையே மலாய்மொழி இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது. சித்த மருத்துவத்தில் அந்த மூலிகைக்கு இடமும் உண்டு. பாட்டன் ஊர்ச் செடிதான். இருந்தும் பேரன் ஊர்ச் சட்டம் வேறு.

மருந்து என்று சொல்பவர்களுக்கு

குரல் பதிவு அனுப்பிய தம்பி மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே வந்து நிற்கிறது, நின்றாகவும் வேண்டும்.

2018 ஆகஸ்டு 30ஆம் தேதி ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் முகமட் லுக்மான் என்ற 29 வயது இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்து வந்தவர். நாடே பேசியது. அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அந்தத் தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில் மரண தண்டனையை ஒழிப்போம் என்று அரசாங்கம் அறிவித்தது. முழு ஒழிப்பு வரவில்லை. ஆனால் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கியது. கடத்தல் வழக்கில் இப்போது நீதிபதி தூக்கா, ஆயுளா என்று தீர்மானிக்கலாம். 1975இல் வந்து, 1983இல் கட்டாயமாக்கப்பட்ட தண்டனை இப்படி நாற்பது ஆண்டு கழித்து இளகியது. என்னைக் கேட்டால் செடிக்கான 6பி பிரிவும் ஒருநாள் பேசப்பட வேண்டும். ஒரு தொட்டிக்கும் ஒரு தோட்டத்துக்கும் வேறுபாடு பார்க்காத சட்டம் எனக்கு நெருடுகிறது. ஆனால் அது நாடாளுமன்றத்தில் பேச வேண்டியது. குற்றவாளிக் கூண்டில் நின்று அந்த வாதத்தைச் செய்தால், கேட்பவருக்கு அனுதாபம் வரலாம், தண்டனை குறையாது.

வலிப்பு நோயுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடித் தேடிக் கண் வீங்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். எங்கள் நிகழ்ச்சிக்கும் அழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கஞ்சாவிலிருந்து பிரித்த சிபிடி என்ற பொருளில் தயாரான 'எபிடியோலெக்ஸ்' மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் அங்கீகரித்தது. லெனாக்ஸ்-கஸ்டோ, டிராவே என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு. சிபிடி போதை தராது. குழந்தையின் எடையைப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள், ஈரலைச் சோதித்துக்கொண்டே. வீட்டுக் கூடாரத்தில் காய்ச்சி வடித்த எண்ணெயில் எத்தனை சிபிடி, எத்தனை டிஎச்சி என்று எந்தத் தாயால் அளக்க முடியும்? வலிப்புள்ள பிள்ளைக்கு அதைக் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவது மாதிரி.

நம் நாட்டில் கதவு முழுக்க அடைபட்டும் இல்லை. 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்குத் தந்த பதிலில், கஞ்சா அடங்கிய பொருளானாலும் பாதுகாப்பு, தரம், பயன் ஆகியவற்றுக்கு ஆதாரம் காட்டினால் மருந்தாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்றார். அது நிறுவனங்கள் போக வேண்டிய பாதை, நீண்ட பாதை. பெற்றோர் செய்யக்கூடியது, மருத்துவமனையின் நரம்பியல் நிபுணரிடம் வாய்விட்டுக் கேட்பது. இதைக் கேட்பது குற்றமில்லை. டாக்டர் திட்டுவாரோ என்று பயந்துதான் பலர் டெலிகிராம் குழுக்களில் போய் விழுகிறார்கள்.

வீட்டில் பேசுவது

பிள்ளை அறையை எப்போதும் பூட்டி வைத்திருக்கிறான், பகலிலும் ஏசி ஓடுகிறது, ஆளுயரப் பெட்டி ஒன்று கூரியரில் வந்தது. இவற்றை வைத்து உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மீன் வளர்க்கலாம், கம்ப்யூட்டர் கட்டலாம். இப்போது கீரையும் புதினாவும்கூட விளக்கு வைத்து வீட்டுக்குள் வளர்க்கிறார்கள்; எங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்த பூச்சோங் ஆசிரியை ஒருவர் அப்படித்தான் செய்கிறார். கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். "மானத்தை வாங்கிட்டியே" என்று ஆரம்பித்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. 6பி என்ற எண்ணையும் 30 என்ற எண்ணையும் காட்டினால் போதும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி.

பழக்கம் ஆகிவிட்டதென்றால் தாமாகவே சிகிச்சைக்குப் போக வழி இருக்கிறது. தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகே நடத்தும் மையங்களில் பிடிபடாமல் சுயமாகச் சென்று சேரலாம். செடி ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கிறதென்றால் அது வேறு நிலைமை. மாமாவிடமோ கோயில் தலைவரிடமோ ஆலோசனை கேட்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கைதாகிவிட்டால், விசாரணைக்கு முன் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்காகவே ஒய்பிஜிகே என்ற தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் இயங்குகிறது. தடுப்புக் காவல் விண்ணப்பத்தின்போதே அவர்களின் வழக்கறிஞர் வரலாம்.

தம்பிக்கு நான் பதில் அனுப்பினேன். நாலு வரிதான்: பிரிவு எண், தண்டனை, ஜாமீன் இல்லை, எதுவும் வாங்கிவிடாதே. இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் பேச்சை மாற்றினார். கிள்ளான் பள்ளத்தாக்கில் பூச்செடி வேண்டுமென்றால் நாமெல்லாம் போகும் ஊர் சுங்கை பூலோ. 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் வளர்த்துவிட்ட நர்சரிகள் அவை. மல்லிகையும் செம்பருத்தியும் மலிவாகக் கிடைக்கும். விசாரணைக் கைதிகளை வைக்கும் சிறையும் அதே சுங்கை பூலோவில்தான். மகனைப் பார்க்க அங்கே போகும் ஓர் அம்மா, திரும்பும் வழியில் ஒருமுறை நர்சரியில் இறங்கி ஒரு துளசிச் செடி வாங்கினாராம். வழக்கு முடியும்வரை தினமும் தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். வழக்கு இன்னும் நடக்கிறது.